பழைய மிஷன் கோயில் கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள்: சேரலாமா?

தேரிமணல்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் தேரியை ஒட்டிய சின்னக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், படிக்கிற சொந்தக்காரர்கள் போனில் சண்டைக்கு வருவார்கள். மிஷனரி காலத்தில் கட்டிய கோயில். கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய தட்டைக் கூரை. என் தாத்தாவின் அப்பா அதற்குச் செங்கல் சுமந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதையே சொல்வார்கள், அது வேறு விஷயம்.

பிரச்சினை இதுதான். ஆல்டருக்கு வடக்கே சுவரில் யானைக்காது போல ஒரு கறை. போன கிறிஸ்துமஸுக்கு உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது நான் கையை நீட்டினாலும் மேல் விளிம்பு எட்டவில்லை. போன மாதம் பாடல் பாடிக்கொண்டிருந்தபோது காரை பொத்தென்று விழுந்து, முன் வரிசைப் பாட்டியின் பாமாலைப் புத்தகம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. பாட்டி ஊதிவிட்டு அடுத்த சரணத்தைப் பாடினார்.

எங்கள் ஐயர், அதாவது கோயில் போதகர், ஏழு பேரை வைத்து ஒரு பராமரிப்புக் கமிட்டி போடுகிறார். என்னையும் கேட்டிருக்கிறார். நான் இருப்பது சென்னையில், மாதம் ஒரு முறை ஊருக்குப் போவேன். சம்பளம் கிடையாது, பஸ் காசும் நம்முடையதுதான். முதல் கூட்டத்திலேயே மூன்று கட்சி. முழுக்கச் சிமென்ட் பூசிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறது ஒன்று. இடித்துவிட்டுப் பெரிசாகக் கட்டலாம் என்கிறது இன்னொன்று. மூன்றாவது கட்சி டீ குடிக்க வந்தது. எனக்குக் கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாது, வேலை அக்கவுன்ட்ஸில். இப்படிப்பட்ட கமிட்டியில் இருந்தவர்கள் சொல்லுங்கள். சேர்ந்தால் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

காரைப்பூச்சு

முதலில் ஒன்று: சிமென்ட் கட்சியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். நான் சிவில் ஆள், பழைய கட்டட வேலை பார்க்கிறவன்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். தரையிலிருந்து ஏறுகிற ஓதமாக இருந்தாலும் மழைச் சாரலாக இருந்தாலும் காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தங்கிச் செங்கலைப் பொரிய வைக்கும், உப்பு பூக்கும். நாலைந்து வருஷம் சுவர் ஜம்மென்று இருக்கும். அப்புறம் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது பின்னால் செங்கல் மாவாக இருக்கும். போதாக்குறைக்குச் சிமென்ட் பூச்சு கெட்டி, பழைய செங்கல் மெத்து. இரண்டும் வெயிலில் ஒரே அளவு விரியாது. கீறல் விடும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், மறுபடி காயாது.

உங்கள் யானைக்காது மேலிருந்து கீழே வளர்கிறதா, கீழிருந்து மேலேயா? மேலிருந்து என்றால் டெரஸில் பாருங்கள். பத்துக்கு ஏழு கோயிலில் தண்ணீர் போகிற தூம்பு அடைத்திருக்கும். அரசங்கன்று முளைத்திருந்தால் சும்மா பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு சேர்த்துச் சுவரையும் கொண்டுவரும்.

பாலைவனத்தான்

தேரிமணல் தம்பி, நான் இருப்பது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், டூசான் ஊரில். இங்கே ஊருக்குத் தெற்கே சான் சேவியர் டெல் பாக் என்று ஒரு மிஷன் கோயில் இருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன். பெயரைப் பாருங்கள், நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த அதே சவேரியார். கோட்டாற்றுக்காரரான என் மாமனார், பாலைவனத்தின் நடுவே அந்தப் பெயரைப் பார்த்து வாயடைத்துப் போனார். உள்ளே சவேரியார் படுத்த நிலையில் ஒரு மரச் சிலை, போர்வை போர்த்தியிருக்கும். ஜனங்கள் வரிசையில் நின்று அதன் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்து வேண்டிக்கொள்வார்கள். கை, கால், கண் வடிவத்தில் சின்ன உலோகத் தகடுகளைப் போர்வையில் குத்தி வைப்பார்கள். வேளாங்கண்ணியில் நாம் காணிக்கை போடுகிற அதே தகடுகள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1692இல் கீனோ என்ற சேசு சபைப் பாதிரியார் அந்த ஊருக்கு வந்தார். இப்போது நிற்கிற கோயில் அவருக்கு வெகுகாலம் கழித்து, பிரான்சிஸ்கன் துறவிகள் 1783இல் தொடங்கி 1797இல் முடித்தது. அதுவும் ஒரு பண்ணையாரிடம் 7,000 பெசோ கடன் வாங்கித் தொடங்கியது. முடித்தது என்று சொன்னேனே, கிழக்குக் கோபுரத்துக்கு இன்றுவரை மேல்கூண்டு இல்லை. ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1978இல் டூசான்காரர்கள் சிலர் சேர்ந்து பட்ரோனாட்டோ சான் சேவியர் என்று ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு தொடங்கினார்கள். பூசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டுவது, வேலையை மேற்பார்ப்பது, அவ்வளவுதான். போர்டில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருக்கலாம்.

காரைப்பூச்சு சொன்ன கதை இங்கே அப்படியே நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் யாரோ நல்லெண்ணத்தில் வெளிப்புறம் சிமென்ட் கலந்து பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. பிற்பாடு அதைப் பெயர்த்தபோது பின்னால் செங்கல் கரைந்து கிடந்தது. ஆகவே சிமென்டை எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினார்கள். அதில் என்ன கலந்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளி! மட்டையிலிருந்து வருகிற கொழகொழத் தண்ணீர். அந்த நாட்டு மரபே அதுதான்.

காரைப்பூச்சு

அண்ணாச்சி, அதே வேலையை நம்மூரில் கடுக்காயும் கருப்பட்டியும் செய்யும். கடுக்காயைத் தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு நாள்கணக்கில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் காரை அரைப்பார்கள். ஊற ஊற வீடு முழுக்கப் புளித்த வாடை. பூச்சுக்குப் பிடிமானமும் தண்ணீரைத் தாங்கும் குணமும் அதனால்தான். தேரிமணலுக்கு உடன்குடிக் கருப்பட்டி கைக்கெட்டும் தூரம். சப்பாத்திக்கள்ளி வேண்டுமென்றாலும் தேரி ஓரத்தில் கிடக்கிறது.

பனையோலை

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வி. கோயில் என்ன மியூசியமா? ஜனங்கள் ஜெபிக்கிற இடம். எங்கள் ஊரிலும் இதே மாதிரி பழைய கோயில். பண்டிகை நாளில் பாதிப்பேர் வெளியே பந்தலில் நிற்கிறார்கள். வெயிலில் நிற்கிற கர்ப்பிணிக்குக் கடுக்காய்க் காரையின் மகிமையை யார் சொல்வது? சென்னையிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு "பழமை பழமை" என்பது சுலபம். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுக்க வருகிறவர்களுக்காக உள்ளூர்க்காரன் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார வேண்டுமா?

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இந்தச் சண்டையில் இரண்டு குடும்பம் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

தேரிமணல்

பனையோலை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானே வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுக்கிற ஆளாகத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ், பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்கிற கோயில் விருந்து, இந்த மூன்று நாளும்தான் இடம் போதாது. மற்ற ஞாயிறுகளில் பெஞ்சு பாதி காலி. பசங்களெல்லாம் மும்பையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். மூன்று நாளுக்காகக் கோயிலை இடிப்பதா, பந்தலைப் பெரிதாக்குவதா என்று கூட்டத்தில் கேட்டேன். "உனக்கென்ன தெரியும், நீ மெட்ராஸ்காரன்" என்றார்கள்.

கணக்கு டீச்சர்

தம்பி, நான் ரிடயர்டு டீச்சர். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) இப்படியொரு கமிட்டியில் பதினொரு வருஷம் இருந்தேன். பொருளாளர். பட்டதைச் சொல்கிறேன்.

ஊரை விட்டுப் போய் நன்றாக இருக்கிற ஒருவர், அம்மா ஞாபகமாகக் கோயில் உள்சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துத் தருகிறேன் என்றார். தரைக்குக் கிரானைட்டும் போடுகிறேன் என்றார். ஆள் தங்கமானவர், அழுதுகொண்டே சொன்னார். எப்படி வேண்டாம் என்பது? வாங்கினோம். முதல் வருஷம் கோயில் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. இரண்டாவது ஐப்பசியில் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர், அம்மை கண்ட மாதிரி. கிரானைட் போட்டபோது தரை மட்டம் ஏறியதால் கதவுகளை அடியில் அறுத்திருந்தார்கள், அந்தக் காலத்துத் தேக்குக் கதவு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். வேண்டாம் என்று சொல்ல எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். கொடுக்க வருகிறவரிடம் "ஐயா, சுவருக்கு வேண்டாம், தூம்பு மாற்றித் தாருங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தூம்புக்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் அதற்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். நாங்கள் பின்னால் ஒரு தந்திரம் செய்தோம். "மழைநீர்க் காணிக்கை" என்று பெயர் வைத்து, கொடுத்தவர்கள் பெயரை ஆராதனையில் வாசித்தோம். பணம் வந்தது.

இன்னொன்று. நீ அக்கவுன்ட்ஸ் ஆள் என்றாய். கமிட்டிக்கு வேண்டியதே அதுதான். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒரு நோட்டு. பணமாக வருவது மட்டுமில்லை, பொருளாக வருவதும் நோட்டில் ஏறவேண்டும். யாரோ கொடுத்த ஃபேன், யாரோ கொடுத்த ஏணி, எல்லாம். எங்கள் கமிட்டி உடைந்தது பெரிய தொகையால் இல்லை, ஒரு ஏணி யாருடையது என்ற தகராறில்.

முத்துநகர்

டீச்சரக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் கோயில் என்றால் சொத்து பெரும்பாலும் சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். 1947இல் திருச்சபை உருவானபின் மிஷன் சங்கங்கள் ஒப்படைத்தது. ஊர்க் கமிட்டி நினைத்தால் இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது, திருமண்டல (பேராயரின் நிர்வாக) அனுமதி வேண்டும். இடிப்புக் கட்சியிடம் இதைச் சொல்லுங்கள், ஒரு வருஷமாவது கிடைக்கும்.

வெளிநாட்டுப் பணம் ஜாக்கிரதை. துபாயில் இருக்கிற உங்கள் பசங்கள் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் என்றால் சம்பாதித்ததிலிருந்து கொடுக்கலாம், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் தொடக்கூடாது. ஆர்வக்கோளாறில் ஜிபே நம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்க மாநில அரசு மானியமும் உண்டு. கலெக்டர் ஆபீஸில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேளுங்கள்.

பனையோலை

டீச்சர் சொன்ன கதை எங்கள் ஊரிலும் நடந்தது, டைல்ஸ் ரூபத்தில். சரி, இடிக்கவேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் காரை வேலை எத்தனை நாள் இழுக்கும்? சிமென்ட் என்றால் ஆறு மாதத்தில் முடித்து அடுத்த பண்டிகைக்குத் திறந்துவிடலாம். ஜனங்களுக்குப் பொறுமை இருக்காது.

காரைப்பூச்சு

பொறுமையா? இடையன்குடிக்குப் போயிருக்கிறீர்களா? அந்தக் கோயிலைக் கால்டுவெல் ஐயர் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது, 1880 ஜூலை 6ஆம் தேதிதான் பிரதிஷ்டை. பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் என்ற அம்மாள் கட்டிய சின்னக் கோயில், பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்களே, அது 1785. இன்னும் நிற்கிறது.

நேரம் ஆகும், உண்மைதான். சுண்ணாம்பை நீர்த்து ஊறவைக்கவேண்டும், ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. அதைவிடப் பெரிய கஷ்டம் ஆள். காரை வேலை தெரிந்த கொத்தனார் இன்றைக்கு அபூர்வம், செட்டிநாட்டுப் பக்கம் சிலர் இருக்கிறார்கள். யார் வந்தாலும், கண்ணில் படாத ஒரு மூலையில் கதவகலத்துக்குப் பூசிக் காட்டச் சொல்லி ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். நின்றால் மீதியைக் கொடுங்கள்.

முழுச் சுவரையும் ஒரே தடவையில் உரிக்கத் தேவையே இல்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் டக் டக் என்னும், விட்டுப்போன இடம் தகர டப்பா மாதிரி கேட்கும். அந்த இடங்களை மட்டும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கீறல் இருந்தால் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்கவேண்டும். உடையாவிட்டால் பழைய கீறல், பயமில்லை. இதற்கெல்லாம் இன்ஜினியர் வேண்டாம். கமிட்டியில் ஒருவர் மாதம் ஒரு தடவை போனால் போதும்.

பாலைவனத்தான்

பனையோலை சாரின் முதல் கேள்வி மனதிலேயே நிற்கிறது, யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்பது. சான் சேவியரிலும் அது உண்டு. கோயில் நிற்பது தோஹோனோ ஓதாம் என்ற பழங்குடி மக்களின் மண்ணில். அங்கே ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அவர்களுடையது. பணம் திரட்டுகிற போர்டோ பெரும்பாலும் டூசான் நகரத்துக்காரர்கள். உள்ளூர்க்காரன் ஒதுங்கிப்போக எல்லா வாய்ப்பும் இருந்தது.

1992 முதல் 1997 வரை உள் ஓவியங்களையும் சிலைகளையும் சுத்தப்படுத்தினார்கள். பால் ஷ்வார்ட்ஸ்பாம் என்ற நிபுணர் தலைமையில் ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஏறிய மெழுகுவர்த்திப் புகை, தூசி எல்லாவற்றையும் விரல்நுனி அளவு விரல்நுனி அளவாகத் துடைத்து எடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஓதாம் இளைஞர்களையும் கூடவே வைத்து வேலை கற்றுக்கொடுத்தது. நிபுணர்கள் விமானம் ஏறிப் போனபின்னும் கைவேலை ஊரில் தங்கியது. வெளிப்பூச்சு வேலையும் டூசானிலேயே பரம்பரையாகக் கட்டட வேலை செய்கிற ஒரு குடும்பத்திடம்தான் போனது. உங்கள் ஊரில் ஒரு கொத்தனார் வீட்டுப் பையனைச் செட்டிநாட்டுக் கொத்தனாரோடு கூடவே நிற்க வையுங்கள். அவன் சம்பளத்தைக் கமிட்டி கொடுக்கட்டும். முதல் செலவே அதுவாக இருந்தாலும் நான் தப்பு சொல்லமாட்டேன்.

பாக் என்ற பெயருக்கு ஓதாம் மொழியில் தண்ணீர் வெளிப்படும் இடம் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பாலைவனத்துக் கோயிலுக்கும் கடைசியில் தொல்லை தண்ணீரால்தான்! அங்கேயும் ஓவியத்தைத் தொடுவதற்கு முன்னால் கூரையைத்தான் சரிபார்த்தார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. முகப்பில் ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் எலி, இரண்டும் சுதையில். பூனை எலியைப் பிடிக்கிற அன்று உலகம் முடியும் என்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பீடத்தைப் பார்க்கமாட்டார்கள், பூனை நகர்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். என் சின்னவள் ஒவ்வொரு முறையும் கை விரலால் அளக்கிறாள்.

பனையோலை

உள்ளூர்ப் பையனைக் கற்க வைப்பது, அதற்கு நான் கட்சி மாறத் தயார். பந்தல் விஷயத்தை மறக்காதீர்கள். கோயிலைத் தொடாமல் தெற்குப் பக்கம் தள்ளி ஒரு நல்ல தகரக் கொட்டகை போட்டால் பாதிச் சண்டை ஓயும்.

கணக்கு டீச்சர்

தள்ளி என்றால் நன்றாகத் தள்ளி. கொட்டகைத் தண்ணீர் கோயில் அடிச்சுவரில் விழுந்தால் புதுக் கமிட்டி போடவேண்டி வரும்.

தேரிமணல்

எட்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கமிட்டியில் சேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஐந்து பேர் டெரஸில் ஏறினோம். காரைப்பூச்சு சொன்னது அப்படியே. வடக்குப் பக்கத் தூம்பு முழுக்க வேப்பஞ்சருகு, புறா எச்சம், ஒரு கிரிக்கெட் பந்து. பந்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது அவருக்கு நாற்பது வயது. சருகை அள்ளியபின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கடகடவென்று கீழே இறங்கிய சத்தத்துக்கு உபதேசியார் கை தட்டினார். தூம்புக்குப் பக்கத்திலேயே டெரஸ் ஓடு மூன்று பெயர்ந்து, கீழே செங்கல் ஜல்லி தெரிந்தது. யானைக்காது அங்கிருந்துதான்.

அதற்கப்புறம் இரண்டு நல்ல மழை. கறையைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டவில்லை, ஓரம் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. முட்டியால் தட்டியதில் 14 வட்டம். சுவர் முழுக்க என்று பயந்தது 14 இடமாகச் சுருங்கியது. சிமென்ட் கட்சித் தலைவரே சாக்பீஸ் பிடித்தார். அவர் முழுக்க மாறவில்லை, "முதலில் அந்த மூலையில் பூசிக் காட்டட்டும், பார்க்கிறேன்" என்கிறார். அது போதும் எனக்கு.

கொத்தனார் பையன் ஒருவன் வருகிறேன் என்றிருக்கிறான், பிளஸ் டூ முடித்தவன். தினக்கூலி எவ்வளவு கொடுப்பது என்று அடுத்த கூட்டத்தில் பேசவேண்டும். பெரிய தொகை தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் "தூம்பு" என்று சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார். பின்னால் போன் பண்ணி, டெரஸ் ஓட்டுக்குத் தருகிறேன், பெயர் வாசிப்பீர்களா என்று கேட்டார். வாசிப்போம் என்றேன்.

கோயிலுக்கென்று ஒரு அலுமினிய ஏணியும் வந்திருக்கிறது. தூத்துக்குடியில் கடை வைத்திருக்கிற ஊர்க்காரர் அனுப்பினார்.

கணக்கு டீச்சர்

ஏணி நோட்டில் ஏறியாச்சா?